ஓட்டுப் போட்டீர்களாமே, அண்ணே

என் உயிருக்கு உயிரான மிக்கேல் அண்ணனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போனீர்களாமே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அண்ணியையும் கூட்டி வந்திருப்பேனே. உங்கள் கல்லறை மண் இன்னும் இறுகக்கூட இல்லை. அதற்குள் எழுந்து வந்து, உங்களை அடித்துக் கொன்றவர்கள் பக்கமே ஓட்டுப் போட்டிருக்கிறீர்கள்!

வேடிக்கையாக எழுதுகிறேனே தவிர, கடைக் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன் அண்ணே.

நான்தான், தையல்காரக் காதர். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காமல், உங்கள் வாரப் பத்திரிகையை எழுத்துக் கூட்டிப் படித்தே தமிழ் கற்றவன். நீங்கள் எழுதியதையெல்லாம் வெட்டி மிஷினுக்கு மேலே சுவரில் ஒட்டி, துணி கொடுக்க வந்தவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவேன். "டேய், பேப்பர் கெடக்கட்டும், சட்டைய எப்பத் தருவ?" என்று திட்டு வாங்காத நாள் உண்டா?

அன்றைக்கு ஓட்டுப் போடும் இடத்தில் நானும் வரிசையில் நின்றிருந்தேன். உங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எனக்கு முன்னால் நின்ற தடியன் ஒருவன், "இதோ வந்துட்டேன்" என்று போனான். உங்கள் அப்பா பெயரைக்கூடச் சரியாகச் சொன்னான்.

"அவரு செத்துட்டாருங்க!" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

அவன் திரும்பி மேலும் கீழும் பார்த்தான். "யாரு, நானா செத்துட்டேன்? தொட்டுப் பாக்குறியா தம்பி?"

வரிசையே சிரித்தது. சிரிக்காதவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் அவனே கடைக்கு வந்துவிட்டான். வெள்ளைத் துணி ஒன்றை மிஷின்மேல் போட்டு, "அளவெடு" என்றான். எடுத்தேன். "என்னாடா, நாடா இப்பிடி ஆடுது? நெஞ்சளவு சரியா எடு. உன் அளவு எங்ககிட்ட இருக்கு. மிக்கேலுக்கு எடுத்தாப்ல கச்சிதமா எடுப்போம்." பிறகு சுவரில் இருந்த உங்கள் எழுத்தை நின்று நிதானமாகப் படித்தான். நன்றாகப் படிக்கத் தெரிந்தவன் அண்ணே. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

இதற்கு நடுவில் ஒரு நல்ல சேதியும் உண்டு. உங்கள் சாவு கடல் தாண்டி, நம்ம ஊரைப் போலவே பிரெஞ்சுக்காரர் ஆளும் சைகோன் வரைக்கும் எட்டியிருக்கிறது. அங்கே உத்தியோகத்தில் இருக்கும் நம்ம ஊர்க்காரர்கள் ஒன்றுகூடி ஒரு நிதி திரட்டியிருக்கிறார்கள். உண்மையை எழுதி அடிபடுகிற, சிறைக்குப் போகிற பத்திரிகைக்காரர்களுக்கு வக்கீல் வைத்துத் தருவார்களாம். வீட்டுக்கு அரிசி போடுவார்களாம். உங்கள் கொலை வழக்கையும் அந்த வக்கீலே எடுத்து நடத்துவாராம். இல்லாவிட்டால் அதை மூடிவிடுவார்கள் என்று ஊரே பேசுகிறது.

ஆனால் ஒரு நிபந்தனை. பத்திரிகை வந்துகொண்டிருக்க வேண்டும். நின்றுபோன பத்திரிகையில் காப்பாற்ற என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். கல்லறைத் திருநாளுக்குள் இதழ் வராவிட்டால், அந்த நிதி காரைக்காலில் இன்னொரு பத்திரிகைக்குப் போய்விடும்.

பத்திரிகை வர வேண்டுமென்றால் ழெரான் வேண்டுமே. பிரெஞ்சு சட்டம். ஒவ்வொரு இதழின் அடியிலும் ஒருத்தர் பெயர் இருந்தாக வேண்டும். உள்ளே யார் எழுதியிருந்தாலும், வழக்கு வந்தால் பதில் சொல்லவும் சிறைக்குப் போகவும் அந்த ழெரான்தான். இத்தனை வருஷமும் அது உங்கள் பெயர்.

பெரிய மார்க்கெட்டில் பூ விற்கும் அஞ்சலையக்கா வாயில் அந்த வார்த்தை நுழையாமல் "சேரான்" ஆனது நினைவிருக்கிறதா? "சேரானா? ஊடு போய்ச் சேரான்னு எவனாச்சும் பேரு வச்சுப்பானா அண்ணாத்தே?" என்று கேட்டாள். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். மார்க்கெட் பின்பக்கம் உங்களைச் சூழ்ந்து அடித்தார்களே, அன்றைக்கு நீங்கள் வீடு சேரவில்லை. அதற்கப்புறம் அஞ்சலையக்கா அந்த வார்த்தையைச் சொல்வதே இல்லை.

உங்கள் பெயரே இருக்கட்டுமே என்று கோர்ட்டு ஆபீஸுக்குப் போய்க் கேட்டேன்.

"செத்தவர் எப்படிப்பா ழெரானா இருப்பாரு?" என்றார் குமாஸ்தா.

"போன ஞாயித்துக்கெழம ஓட்டுப் போட்டாரே, முசே!"

அவர் சன்னல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஓட்டுப் போட உசுரு வேணாம்பா. ஜெயிலுக்குப் போகத்தான் உசுரு வேணும்."

யார் யாரிடமோ கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கு மகள் கல்யாணம், இன்னொருவருக்கு உத்தியோகம். யாரையும் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் ஓடிவிடலாம் போலத்தான் இருந்தது. சைகோன்காரர்கள் வக்கீல் தருவார்கள், அரிசி தருவார்கள். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு மார்க்கெட் பின்பக்கமாக நடக்கும்போது கூட யார் வருவார்கள் அண்ணே? நீங்கள் அடுத்த இதழைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வழியாகத்தானே போனீர்கள். உங்களுக்குப் பயமே இருந்ததில்லையா? இருந்ததென்றால் அதை எங்கே ஒளித்து வைத்தீர்கள்?

கடைசியில் கோர்ட்டு ஆபீஸில் வாங்கிய ழெரான் பாரத்தில் என் பெயரையே எழுதி, இன்று காலை அதை எடுத்துக்கொண்டு அண்ணியிடம் போனேன். பார்த்ததுமே பிடுங்கிக்கொண்டார்.

"ஒருத்தரப் பறிகொடுத்தது போதும் காதர். போய்ச் சட்டையத் தை."

"சட்டையத்தான் அண்ணி தைக்கிறேன். அவனுக்கே தைக்கிறேன்."

தடியன் வந்துபோன கதையைச் சொன்னேன். அண்ணி பிடுங்கி வைத்திருந்த பாரத்தை மேஜைமேல் விரித்தார். அப்புறம் உங்கள் பேனாவை எடுத்து வந்து, பாரத்தின் மேல் வைத்தார். அழுதுகொண்டே சிரித்தார்.

"அஞ்சல சொன்னது ஒரு அர்த்தம்தாண்டா. சாவுறதையும் போய்ச் சேர்றதுன்னுதான சொல்றோம்? அப்போ சேரான்னா, அவ்ளோ சீக்கிரம் போய்ச் சேரான். நீ அந்தச் சேரானா இரு. எனக்காக இரு."

கையெழுத்துப் போட்டுவிட்டேன். கோணல்மாணலாகத்தான் வந்தது.

பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அவன் சட்டை தைத்து முடித்துக் கடையில் தொங்குகிறது. எந்த நேரமும் வாங்க வருவான். இந்த இதழிலேயே சுற்றிக் கொடுக்கப்போகிறேன். நன்றாகப் படிக்கத் தெரிந்தவன்தானே? முதல் பக்கத்தில் இந்தக் கடிதம்தான், நீங்கள் எழுந்து வந்து ஓட்டுப் போட்ட கதைதான் இருக்கிறது.

கல்லறைத் திருநாளன்று அண்ணி உங்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வரும்போது நானும் வருவேன். இந்த இதழை உங்களுக்குச் சத்தம் போட்டு வாசிப்பேன். வாசித்துவிட்டு, மார்க்கெட் பின்பக்கமாகவே நடந்து, வீடு போய்ச் சேருவேன். இது சத்தியம் அண்ணே.

அடியில் ஒரு பெயர் இருக்க வேண்டும் என்பது சட்டம். இருக்கிறது.

பயத்தோடும் பாசத்தோடும்
உங்கள் தம்பி,
காதர்
ழெரான்