கை நனைக்காத வீடு

"வயிறு சரியாயிடுச்சா, டீச்சர்?"

பட்டர்வொர்த் ஃபெரித் துறையில், ஃபெரியில் ஏறக் காத்திருந்த காடிகளின் வரிசை நகராமல் நின்ற ஒரு சனிக்கிழமை மாலையில் நீ என்னிடம் கேட்டாய். பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. அந்தக் கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில் பொய். சரியான பதிலை இன்றுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மேசையில் என் எதிரே ஒரு தண்ணீர்ப் போத்தல் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நிபோங் திபாலில் உன் அக்கா கொடுத்தது. மூடியைத் திறக்கவில்லை. திறக்க மனம் வரவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் அந்தச் சனிக்கிழமையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜோர்ஜ்டவுனில் இருக்கும் நம் பள்ளியின் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளை ஒரு நாள் வரலாற்றுச் சுற்றுலா அழைத்துப்போக வேண்டும் என்பது உன் யோசனை. நீ வரலாற்று ஆசிரியை, நான் நன்னெறி ஆசிரியை. பேருந்து எடுப்பதற்கு முன் நாம் இருவரும் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவானது. எங்கே நிழல் இருக்கிறது, எங்கே கழிப்பறை இருக்கிறது, எவ்வளவு நேரம் பிடிக்கும், எங்கே சாப்பிடுவது என்று குறித்துக்கொள்ள நான் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு வந்தேன். நீ உன் வெள்ளைக் காடியை ஓட்டிக்கொண்டு வந்தாய்.

முதலில் கடலோரக் கோட்டை. பீரங்கியின் மேல் கை வைத்துக்கொண்டு நீ சொன்னாய்: "இது யாரையாச்சும் சுட்டுச்சோ இல்லையோக்கா, நம்ம பசங்க மேல ஏறி உட்கார்ந்தா இதுக்கே முதுகு உடைஞ்சிடும்." அப்போது நான் உனக்கு 'அக்கா'. உன்னைவிட ஏழு வயது மூத்தவள். ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் நான் டீச்சர், உனக்கு மட்டும் அக்கா.

ஃபெரியில் கரை கடந்து புக்கிட் மெர்தாஜாம் போனோம். செரோக் தோக்குன் பாறையைச் சுற்றி வேலி போட்டிருந்தார்கள். அதில் வெட்டியிருக்கும் பழைய எழுத்துகளை நீ வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தாய். "கையெழுத்தைப் பாருங்கக்கா. உங்க வகுப்பில இருந்திருந்தா இவன் முட்டி போட்டிருப்பான்."

அங்கே ஒரு மரத்தடியில் என் மூன்றடுக்கு டிபன் கேரியரைத் திறந்தேன். புட்டும் சொதியும் வாழைப்பழமும். காலையில் பசியாறாமல் வந்திருந்த நீ விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டாய். "உங்க யாழ்ப்பாணத்துக்காரங்க வாயைத் திறந்தா புட்டுன்னு சும்மாவா சொல்றாங்க," என்றாய். நானும் வயிறு நிறையச் சாப்பிட்டேன். அதை நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். அடியடுக்கில் கொஞ்சம் மிஞ்சியது.

சிம்பாங் அம்பாட் தாண்டி, நிபோங் திபால் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பாழடைந்து கிடக்கும் துரை பங்களாவுக்குக் கூட்டிப்போனாய். செம்பனை மரங்களுக்கு நடுவே கூரையில்லாமல் நின்றது. வாசற்படியில் நின்று சொன்னாய்: "எங்கப்பா ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டினவரு. இந்த மாதிரி வாசல் வரைக்கும்தான் வந்திருப்பாரு. உங்கப்பா கணக்கெழுதுற கிராணி, உள்ள போய் நாற்காலியில உட்கார்ந்திருப்பாரு."

"துரைக்கு முன்னால உட்காரவா? அவரும் நின்னுக்கிட்டுத்தான் இருந்திருப்பாரு," என்றேன். இருவரும் சிரித்தோம். அன்று நான் மனம் விட்டுச் சிரித்தது அதுவே கடைசி.

அங்கிருந்து பத்து நிமிடத்தில் உன் அக்கா வீடு. தோட்டத்தை விட்டு வெளியேறி, தாமான் குடியிருப்பில் வாங்கிய சின்ன வீடு. நமக்குச் சமைப்பதற்காக அவர் தொழிற்சாலைக்கு லீவு போட்டிருந்தார். வாசலிலேயே கம்போங் கோழிக் குழம்பின் மணம். மேசையில் மரவள்ளிக் கிழங்கு, நெத்திலிச் சம்பல், அவித்த கீரை. எனக்கென்று புதிதாக ஒரு பீங்கான் தட்டு வாங்கியிருந்தார். விலைச் சீட்டைக் கிழித்த பசை அதன் அடியில் ஒட்டியிருந்தது.

"உட்காருங்க டீச்சர். தங்கச்சி எப்பவும் உங்க பேச்சுத்தான்."

உட்கார்ந்தேன். கை எழவில்லை.

இதை எப்படி விளக்குவேன்? பிள்ளைகளுக்கு எதைச் சொன்னாலும் ஓர் உதாரணத்தோடு சொல்வது என் வழக்கம். உனக்கும் ஒன்று சொல்கிறேன். சின்ன வயதில் சூடு பட்ட பிள்ளை, அடுப்பு அணைந்திருந்தாலும் அதன் அருகே போனால் கையை இழுத்துக்கொள்ளும். என் அப்பா தோட்டத்துக் கிராணியாக இருந்த காலத்தில், தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் கல்யாணம், காதுகுத்து என்று கூப்பிடுவார்கள். எங்களை அனுப்பும்போது வாசலில் நிறுத்திச் சொல்வார்: "போகலாம், இருந்து கதைக்கலாம். கை நனைக்கக் கூடாது." நாங்கள் போவோம், சிரிப்போம், வயிறு சரியில்லை என்போம், வீட்டுக்கு வந்து சாப்பிடுவோம். அந்தப் பொய்யை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அது எங்கள் வீட்டு மரியாதை.

உதாரணம் பொருந்தவில்லை, எனக்கே தெரிகிறது. சூடு பட்டது நான் அல்ல. அந்த வீடுகளில் சமைத்துவிட்டுக் காத்திருந்தவர்கள்தான் பட்டார்கள்.

"காலையிலிருந்தே வயிறு சரியில்லைம்மா," என்றேன் உன் அக்காவிடம்.

"ஒரு வாய் மட்டும் டீச்சர். காரம் கம்மியாத்தான் போட்டிருக்கேன்."

"வேணாம்மா. தண்ணிகூட இறங்க மாட்டேங்குது."

நீ என்னைப் பார்த்தாய். மரத்தடியில் நான் சாப்பிட்டதைப் பார்த்த அதே கண்கள். பிறகு உன் அக்கா பக்கம் திரும்பி, "ஆமாக்கா, காலையிலிருந்தே அவங்களுக்கு முடியல. வற்புறுத்தாத," என்றாய். எனக்காகப் பொய் சொன்னாய். என்னை நம்ப விரும்பித்தான் சொன்னாய் என்று இன்றும் நினைக்கிறேன். அந்தப் புதுத் தட்டு எதிரே காலியாகவே இருந்தது. உன் அக்கா உன்னோடு சாப்பிட்டார், ஆனால் தலையை நிமிர்த்தவே இல்லை.

திரும்பும்போது ஃபெரித் துறையில் நெரிசல். "இருங்கக்கா, வந்திடுறேன்," என்று இறங்கிப் போனாய். எனக்குப் பசி. டிபன் கேரியரின் அடியடுக்கைத் திறந்து, மிஞ்சியிருந்த புட்டை அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டேன். வாய் நிறைய இருந்தபோது கதவு திறந்தது. உன் கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய சூடான இஞ்சித் தேத்தண்ணீர். என் வயிற்றுக்காக வெயிலில் நடந்துபோய் வாங்கி வந்திருந்தாய்.

நீ கத்தவில்லை. பையைக் காடியின் முன்கண்ணாடிக்கு அடியில் மெல்ல வைத்தாய். "வயிறு சரியாயிடுச்சா, டீச்சர்?"

"இப்ப கொஞ்சம் பரவாயில்ல," என்றேன்.

அதன் பிறகு நீ என்னை அக்கா என்று கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துப் பேசினோம். மதியச் சாப்பாட்டுக்கு உன் அக்கா வீட்டுக்கு அருகில் உள்ள கோவில் மண்டபம் என்று முன்பு நாம் எழுதியிருந்ததை நீ அடித்தாய். "பிள்ளைங்களுக்குப் பள்ளியிலேயே கட்டிக் கொடுத்திடலாம் டீச்சர்." அந்த வாரம் என் வகுப்பில் பாடம் 'பிறரை மதித்தல்'. உதாரணத்துக்குப் பேர்போன எனக்கு ஓர் உதாரணமும் வரவில்லை. புத்தகத்தில் இருந்ததை வாசித்துவிட்டு உட்கார்ந்தேன். இடையில் பலகைத் தடுப்புத்தான். அந்தப் பக்கம் உன் வகுப்பு. நீ கேட்டிருப்பாய்.

நீ சண்டை போட்டிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். நீ மரியாதை கொடுத்தாய். நாற்காலி இழுத்துப் போட்டாய், பிறந்தநாளுக்குப் புடவை வாங்கித் தந்தாய். ஆனால் ஓய்வு நேரத்தில் உன் டப்பாவை என் பக்கம் நகர்த்தவே இல்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. பிள்ளைகள் கேட்காமல் இருந்தால் ஏன் கேட்கவில்லை என்று கண்டிக்கிறவள் நான்.

உன் நோய் முற்றிய பிறகு புக்கிட் மெர்தாஜாம் மருத்துவமனைக்கு வந்தேன். இதைச் சொல்லிவிடத்தான் வந்தேன். தலைமையாசிரியர் மாறியது, பழைய மாணவி ஒருத்திக்குக் கல்யாணம் என்று ஒரு மணி நேரம் வேறென்னவோ பேசினேன். "கிளம்புங்க டீச்சர், பாலத்தில ஜாம் ஆயிடும்," என்றாய். கிளம்பினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அக்கா வீட்டுக்குத் தனியாகப் போனேன். சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் போனேன். உன் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. உன் அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்து, உள்ளே போய், மூடி திறக்காத இந்தப் போத்தலையும் பிரிக்காத ஒரு பிஸ்கட் பொட்டலத்தையும் கொண்டு வந்தார்.

"உங்களுக்கு வெளிச் சாப்பாடே ஒத்துக்காதாம், அது ஏதோ பழைய வியாதியாம். தங்கச்சி சொல்லியிருக்கு. நீங்க அன்னிக்குச் சாப்பிடலன்னு நான் ரொம்ப வருத்தப்பட்டேன் டீச்சர். அது சொன்ன பிறகுதான் மனசு ஆறுச்சு."

பன்னிரண்டு ஆண்டுகளாக உன் அக்காவிடம் நீ எனக்கொரு வியாதியைக் கொடுத்து வைத்திருக்கிறாய். அவருடைய தட்டை நான் அவமதித்தேன் என்று அவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. என்னைக் காப்பாற்ற அல்ல.

"எனக்கு ஒரு வியாதியும் இல்லம்மா. சோறு போடுங்க, சாப்பிடுறேன்," என்றேன்.

"சும்மா எனக்காகச் சொல்லாதீங்க டீச்சர். இந்த வயசுல உடம்ப கெடுத்துக்குவீங்க, பாவம்." நான் எவ்வளவு கேட்டும் அவர் தட்டு எடுக்கவில்லை. அன்று ஏன் சாப்பிடவில்லை என்ற உண்மையைச் சொன்னால் நீ அவருக்குக் கொடுத்த ஆறுதலும் போய்விடும். அதனால் பிஸ்கட்டைப் பிரித்துத் தின்றேன். உள்ளே குழம்பின் மணம். வாசல் வரை வந்து போத்தலைக் கையில் கொடுத்தார்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான்: என் வயிற்றுக்கு அன்று ஒன்றும் இல்லை. என்றைக்குமே இருந்ததில்லை. நீ கொடுத்த வியாதியை நான் வைத்துக்கொள்கிறேன். உன் அக்கா இருக்கும்வரை அதை யாரிடமும் மறுக்கமாட்டேன்.

இந்த மடலை வேறு யாராவது படித்தால், அவருக்கு நான் தரும் வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்று. அடுத்த முறை யாராவது உங்கள் முன் தட்டை வைத்தால், காரணம் தேடுவதற்கு முன் கையைக் கழுவிவிட்டு ஒரு வாய் சாப்பிடுங்கள்.