பன்றி நலமா?

அன்புள்ள அம்மாவுக்கு மகள் லோர்னா எழுதுவது. ஹாங்காங்கில் நான் நலம். உன் முட்டிவலி தேவலையா?

நம் கட்டாண்டுவானஸ் தீவைக் கடந்த அதே புயல் நேற்று இங்கே வந்தது. நம் ஊர்ப் பழக்கதோஷத்தில், வீட்டில் இருந்த அரிசியையெல்லாம் சமைத்து, பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அலமாரி உச்சியில் வைத்துவிட்டேன். "ஏம்மா, இருபத்திரண்டாவது மாடிக்கா வெள்ளம் வரப்போகுது?" என்று முதலாளியம்மா சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

மூன்று நாளாக உன் போன் கிடைக்கவில்லை. "பன்னிய விட்டுட்டு முகாமுக்கு வரமாட்டேன், போடி" என்றாய் கடைசியாக. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

நாளை மணிலாவுக்கு விமானம் ஏறி, அங்கிருந்து நம் தீவுக்கு வரும் என் தோழி நெனிதாவிடம் இந்தக் கடிதத்தையும் ஒரு டார்ச்சையும் கொடுத்தனுப்புகிறேன். கூரைத் தகரத்தைச் சரிசெய்ய நீ ஏறாதே. முதலாளியம்மா கூப்பிடுகிறார். பன்றி பிழைத்ததா என்று மட்டும் நெனிதாவிடம் சொல்லியனுப்பு. அது இருந்தால் நீயும் பக்கத்தில்தான் இருப்பாய்.

உன் லோர்னா