பிரான்ஸ் வாய்க்கால் படங்கள்

9 ஒக்டோபர் 1976, சனி

பக்கத்து வீட்டு ஜீன் இன்று பின்னேரம் தன் பயணப் படங்களைச் சுவரில் போட்டுக் காட்டினாள். பிரான்சில் வாய்க்கால் வழியே இரண்டு கிழமை வீட்டுப்படகில் போன படங்கள். நானும் இவரும் ஜீன் குடும்பத்தோடு போக இருந்தோம். பங்குனியில் இவர் கண்ணை மூடிவிட்டார். ஒரு வருஷமாகி ஆட்டைத் திவசம் முடியாமல் நான் எங்கே போவது?

படகு நடைவேகத்தில்தான் போகுமாம். மதகுக் கதவைப் பூட்டினால் தண்ணீர் ஏறும்வரை நிற்குமாம். கரையில் பழைய தேவாலயங்கள், சந்தைகள். எல்லாம் இவர் புத்தகம் பார்த்து எனக்குச் சொன்ன ஊர்கள்.

பிறகு படகில் இருந்த ஒரு சின்ன அறையின் படம் வந்தது. இரண்டு கட்டில், விரிப்புக் கலையாமல் இருந்தது. ஜீன் ஏதோ சொன்னாள். மகள் ராணி தமிழில் சொன்னாள்.

"அம்மா, இது உங்களுக்கும் அப்பாவுக்கும் எண்டு எடுத்த அறையாம். வேற ஆக்களுக்குக் குடுக்க மனம் வரேல்லையாம்."

நான் எழும்பி, போய்வருகிறேன் என்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். ராணி பின்னால் ஓடிவந்தாள்.

"என்னம்மா நீங்கள்? உங்களுக்குக் கோவமெண்டு அவ அழுறா."

"கோவமில்லையடி. செத்தவீட்டில ஆரும் போயிட்டு வாறனெண்டு சொல்லுறதே?"

"அது ஜீன்ர வீடம்மா!"

உண்மைதான். எனக்கு அந்த நேரம் அப்படித் தெரியவில்லை.

வைகாசியில் திரும்பவும் போகிறார்களாம், என்னையும் கேட்டிருக்கிறாள். நாளைக்குப் போய்க் கோபமில்லை என்று சொல்லவேண்டும். வருகிறேன் என்றும் சொல்லலாம். ஆனால் எத்தனை கட்டில் என்று கேட்பாளே. ஒன்று என்று நான் இன்னும் ஒருவருக்கும் வாயால் சொன்னதில்லை.