நாற்காலி வீரனின் பற்கள்

பத்தலுங்,
3 மார்ச் 2014

பல் டாக்டர் விச்சான் அவர்களுக்கு,

இருபது வருடமாக உங்களை "டேய்" என்றுதான் எழுதி வந்தேன். இனி அந்த உரிமை எனக்கு வேண்டாம்.

உங்கள் மருத்துவமனை இதழில் நீங்கள் எழுதிய கட்டுரை எங்கள் ஊர் காப்பிக் கடை வரைக்கும் வந்துவிட்டது. மாகாணப் போட்டியில் வலைக்கு மேல் எகிறிப் பிரம்புப் பந்தை உதைத்தவன், இன்று நாற்காலியை விட்டு எழாதவன், ஈறு கெட்டு ஏழு பல்லைப் பறிகொடுத்த 'நாற்காலி வீரன்'. இந்த ஊரில் வேறு எவன் இருக்கிறான்?

காப்பி வாங்கப் போனேன். கடைக்காரர், "எந்திரிச்சு நடங்கண்ணே, மிச்சப் பல்லாச்சும் தங்கும்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். திருப்பித் திட்டலாம் என்றால், வாயைத் திறந்தால் ஓட்டை தெரியும்.

உங்களிடம் நான் வாயைத் திறந்து காட்டியது வைத்தியத்துக்கு. அடுத்த இதழில் மன்னிப்புக் கேளுங்கள்.

சம்னோங்

ஹாட்யாய்,
11 மார்ச் 2014

சம்னோங்,

உன் பேரைப் போட்டேனா? நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களிடம் ஈறு நோய் அதிகம் பார்க்கிறோம். அசையாத உடம்பில் சர்க்கரை ஏறுகிறது, ஈறு வீக்கம் தணிவதில்லை. உட்காருவது ஒன்றே காரணம் என்று நான் எழுதவில்லை. ஒழுங்காகப் பல் துலக்காததையும் சேர்த்துத்தான் எழுதினேன். இதில் எது பொய்?

"தினம் அரை மணி நேரம் நடடா" என்று உன்னிடம் இரண்டு முறை சொன்னேன். "முடியாது" என்றாய். ஏன் என்றுகூடச் சொல்லவில்லை. நாம் ஒரே அணியில் பந்து உதைத்த காலத்திலிருந்தே உன்னை ஒருத்தன் குறை சொல்லிவிடக் கூடாது. சோம்பேறித்தனத்துக்கு ரோஷம் வேறு.

மன்னிப்பெல்லாம் கேட்க முடியாது.

விச்சான்

பத்தலுங்,
19 மார்ச் 2014

விச்சான்,

மூன்று வருடத்துக்கு முன்பு ஒராபினுக்குப் பக்கவாதம் வந்தது. நம் அணிக்கே சோறு போட்ட என் மனைவிக்கு வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் குழறிப்போனது. நான் நகர்ந்தால் அவளும் எழப் பார்ப்பாள். இரண்டு முறை விழுந்து மண்டை உடைந்தது. ரப்பர் மரம் சீவுவதை விட்டுவிட்டு அவள் கட்டிலருகே உட்கார்ந்தேன். இனிப்புக் கட்டிப்பால் ஊற்றிய காப்பி, ஒட்டரிசிச் சோறு, எல்லாம் அதே நாற்காலியில். பல் துலக்காமல் அப்படியே தூங்கிப்போன நாட்கள் எத்தனையோ.

அணிக்காரர்கள் யாருக்கும் சொல்லக் கூடாது என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் நீ "ஏன்டா முடியாது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஊருக்கு இது தெரியும். அச்சில் வந்ததும் மறந்துவிட்டுச் சிரித்தார்கள்.

பேச்சு திரும்ப அவள் தினமும் சத்தம்போட்டுப் படிக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் உன் இதழைக் கொடுத்திருக்கிறாள். எழுத்துக் கூட்டிப் படித்து முடித்துவிட்டு, "என்னாலதானே உன் பல்லு போச்சு?" என்றாள். இரண்டு நாள் சாப்பிடவில்லை. "நீ எந்திரிச்சுப் போ. நா விழுந்தா விழுறேன்" என்று இடது கையால் என்னைத் தள்ளினாள்.

இதற்கு உன் இதழில் எந்தப் பக்கத்தில் மருந்து போடுவாய்?

சம்னோங்

ஹாட்யாய்,
25 மார்ச் 2014

டேய் சம்னோங்,

கேட்காதது என் தப்பு. அதற்குச் சமாதானம் இல்லை. அடுத்த இதழுக்கு மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஞாயிறு வருகிறேன். "உன்னால் இல்லை" என்று ஒராபினிடம் நானே சொல்கிறேன். கதவை மட்டும் திற.

விச்சான்

பத்தலுங்,
2 ஏப்ரல் 2014

விச்சான்,

ஞாயிற்றுக்கிழமை நீ வெளியில் நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு மணி நேரம் வெயிலில் நின்றாய். ஒராபின், "பாவம், உள்ள கூப்பிடு" என்றாள். நான் எழவில்லை.

வாசலில் நீ வைத்துவிட்டுப் போன பழக்கூடையைக் காப்பிக் கடைக்குக் கொடுத்தனுப்பினேன்.

இப்போது வட்டார மருத்துவமனையில் வேறொரு பல் டாக்டரைப் பார்க்கிறேன். சின்னப் பெண். வாயைப் பார்ப்பதற்கு முன்னால், "வீட்ல யாரு இருக்காங்க?" என்று கேட்டாள். அவளும் நடக்கத்தான் சொன்னாள். காலையில் பக்கத்து வீட்டுப் பெண் வந்து ஒராபினோடு உட்காருகிறாள். நான் வாய்க்கால் வரை போய் வருகிறேன். ஈறில் ரத்தம் வருவது குறைந்திருக்கிறது. நீ சொன்ன வைத்தியம் சரிதான். அதற்காக நீ எனக்கு வேண்டும் என்றில்லை.

இனி எழுதாதே, வராதே.

இந்தக் கடிதத்தின் கடைசியில் "மன்னித்துவிட்டேன்" என்று உனக்கு ஒரு வரி எழுதச் சொல்லி ஒராபின் வற்புறுத்துகிறாள். நான் எழுதவில்லை.

சம்னோங்