ஏழாம் அட்டையின் நிறம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் பிள்ளைகள் வாயாடியும் குண்டனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த உறையில் பன்னிரண்டு அட்டைகள் இருக்கின்றன. மழைக்குப் பிறகு கடைகளுக்குப் போகப்போகும் சுவர் வண்ணங்கள். பின்பக்கம் எண் மட்டும்தான் போட்டிருக்கிறேன். எந்த நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன், சொன்னால் உன் கற்பனை கெட்டுப்போகும் என்று போன வருஷமே திட்டினாய்.

போன வருஷம் நீ வைத்த பெயர்கள் இன்னும் எங்கள் அலுவலகத்தில் பேச்சாக இருக்கின்றன. ஒரு கடைக்காரர் போன் செய்து, "சார், அந்த 'மத்தியானத் தூக்கம்' இன்னும் நாலு டப்பா அனுப்புங்க" என்று கேட்டாராம். மேனேஜர் அதை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். இந்த வருஷமும் வீட்டுக்குள் நடக்கிற விஷயங்களாகவே பெயர் வேண்டுமாம். வானம், கடல், நிலா எல்லாம் மற்ற கம்பெனிகள் எடுத்துக்கொண்டுவிட்டன, நமக்கு உங்கள் அக்கா வீடு போதும் என்கிறார்.

போனில் படம் எடுத்து அனுப்பினால் என்ன என்று அத்தான் கேட்பார். நிறத்தில் போன் பொய் சொல்லும் என்று அவருக்கு எத்தனை தரம் சொன்னாலும் ஏறாது. பெயர்களையும் போனில் சொல்லாதே. நிறத்தைப் பற்றி நாம் வாயால் பேசினால் சண்டையில்தான் முடியும், அதனால் வழக்கம்போல எழுத்தில் இருக்கட்டும். காலையில் ஜன்னல் பக்கம் வைத்துப் பார். குண்டன் கையில் கிடைக்காமல் பார்த்துக்கொள்.

உன் அன்புத் தம்பி


மார்ச் 11

என் அன்புத் தம்பிக்கு,

குண்டன் கையில் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாய். இரண்டாம் அட்டையின் மூலை அவன் வயிற்றுக்குள் இருக்கிறது. உங்கள் பெயின்ட் விஷமில்லை என்று டப்பாவில் எழுதியிருப்பதை நம்பி நிம்மதியாக இருக்கிறேன், அது பொய்யென்றால் உடனே எழுது.

சமையலறை ஜன்னலில் அட்டைகளை வரிசையாகச் சாய்த்து வைத்தேன். ஒரு வாரம் அவற்றோடுதான் குடித்தனம். மெய்ப்புத் திருத்த வந்த ஒரு பாடப்புத்தகம் மேசையில் கிடந்து முறைக்கிறது. அச்சகத்துக்காரர் இரண்டு தரம் ஆள் அனுப்பிவிட்டார். உன்னால் என் பிழைப்பு போனால் உன் வீட்டில் வந்து உட்கார்ந்துகொள்வேன்.

பெயர்களைக் கேள். ஒன்று, 'விழுந்த பால் பல்'. வாயாடிக்குப் போன வியாழக்கிழமை முன்பல் விழுந்தது. அதைத் தண்ணீரில் கழுவிப் பார்த்தபோது வெள்ளை என்று இத்தனை நாள் நினைத்தது வெள்ளையே இல்லை என்று தெரிந்தது. அப்புறம் உன் அட்டையைப் பார்த்தேன், அதே நிறம். இரண்டு, 'சட்டைப்பையில் மை'. இது அத்தானின் கைங்கரியம், துவைத்தும் போகவில்லை. மூன்று, 'மறந்துபோன டீ'. நான் தினமும் ஒரு தம்ளர் போட்டு வைத்துவிட்டு மறக்கிறேன் அல்லவா, மேலே ஆடை கட்டியபின் இருக்கும் நிறம். நான்கு, 'சோப்பின் கடைசித் துண்டு'. ஐந்து, 'போர்வைக்குள் டார்ச்'. இரண்டு பிள்ளைகளும் தூங்குவதாகப் பாசாங்கு செய்யும்போது வெளியிலிருந்து பார்த்தால் தெரியும் வெளிச்சம். ஆறு இன்னும் பிடிபடவில்லை.

ஏழாம் அட்டைதான் எனக்கு உயிர். அதற்குப் பெயர் 'அழுது ஓய்ந்த மூக்கு'. குண்டன் செருப்பு வேண்டுமென்று ஒரு மணி நேரம் அழுது, பிறகு எதற்கு அழுதோம் என்பதே மறந்து என் மடியில் உட்கார்ந்திருந்தான். மூக்கு நுனியில் அந்த மங்கிய ரோஜா நிறம். நீ எங்கள் வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துத்தான் கலந்திருக்கிறாய். ஒரு பெண் கடையில் போய் நின்று, அழுது ஓய்ந்த மூக்கு நாலு லிட்டர் கொடுங்கள் என்று கேட்பதை நினைத்தால் எனக்கே சிரிப்பு தாங்கவில்லை.

மீதி அடுத்த வாரம். உன் வீட்டுக்காரியை நான் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா


மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

பெயின்ட் விஷமில்லை, ஆனாலும் குண்டனுக்கு இன்னொரு அட்டை கொடுக்காதே.

பெயர்களை மேனேஜரிடம் படித்துக் காட்டினேன். 'போர்வைக்குள் டார்ச்' கேட்டதும் மனிதர் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார், அவருக்கும் இரண்டு பிள்ளைகள். ஏழாம் அட்டையை மட்டும் நான் படிக்கவில்லை. அக்கா, நீ எண்களை மாற்றிப் போட்டுவிட்டாயா? ஏழு ரோஜா இல்லை, சாம்பல். லேசாகப் பச்சை ஓடுகிற சாம்பல், நனைந்த கருங்கல் மாதிரி. நான் அதை அப்படித்தான் கலந்தேன். அதன் ஜோடி அட்டை எங்கள் நிற அறையில் இருக்கிறது, இதை எழுதும் முன் அங்கேயே மறுபடியும் எடுத்துப் பார்த்தேன்.

எங்கள் நிற அறையைப் பற்றி உனக்குத் தெரியும். சுவர் சாம்பல், ஜன்னல் கிடையாது, உள்ளே போகிறவர்கள் கலர் சட்டை தெரியாமல் சாம்பல் கோட்டு போட வேண்டும். பகல் வெளிச்சத்துக்கு இணையான விளக்கு போட்ட பெட்டிக்குள் வைத்துத்தான் எதையும் முடிவு செய்வோம். அங்கே பார்த்துத் தப்பாக வாய்ப்பில்லை. நீ இன்னொரு தரம் பார்த்து எழுது. ஒன்பதையும் பதினொன்றையும்கூடச் சரிபார்த்துக்கொள், அவையும் சாம்பல் குடும்பம்தான்.

கோபித்துக்கொள்ளாதே. ஆறாம் அட்டைக்கு அவசரமில்லை.

உன் தம்பி


மார்ச் 23

அன்புத் தம்பிக்கு,

பார்த்தேன். நீ சொல்வதுதான் சரியாக இருக்கும். எண் மாறியிருக்கலாம்.

ஏழு, 'துடைத்த தரை'. ஒன்பது, 'மழைநாள் துணி'. பதினொன்று, 'பாத்திரத்தின் அடி'. ஆறுக்கு 'அண்ணன் கொடுத்த பழைய சட்டை' என்று வைத்துக்கொள், எட்டுக்கும் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். பிடிக்கவில்லை என்றால் நீயே மாற்றிக்கொள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

பாடப்புத்தக வேலை நெருக்குகிறது. எழுத்து பொடியாக இருக்கிறது. இங்கே எல்லோரும் சுகம்.

அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். அதில் ஒரு கிண்டல்கூட இல்லை. நீ எப்போது எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறாய்? சின்ன வயதில் ஜன்னலோர சீட்டுக்காகப் பேருந்தையே நிறுத்திய ஆள் நீ. கையில் இருக்கிற அட்டையைப் பார்த்துக்கொண்டே, நீ சொல்வதுதான் சரி என்று எழுதுகிறாய் என்றால், உனக்கு விஷயம் புரிந்துவிட்டது. என் மேல் பரிதாபப்பட்டு எழுதியிருக்கிறாய்.

மறைத்து என்ன ஆகப்போகிறது, எழுதிவிடுகிறேன். என் கண் போகிறது என்று நினைக்கிறேன். அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. தையல் மிஷினில் உட்கார்ந்து பச்சைத் துணிக்குச் சாம்பல் நூலைக் கோத்தார். வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஒரு வருஷத்தில் ஊசியில் நூல் கோக்க உன்னைக் கூப்பிட்டார், அதற்கப்புறம் நம் முகங்களே அவருக்கு நிழலாகிவிட்டன. பிள்ளைகளுக்கும் வரலாம், பார்த்துக்கொள்ளுங்கள் என்று அன்றைக்கே டாக்டர் சொன்னார். அப்பாவுக்கு அது வந்த வயதில்தான் இப்போது நான் இருக்கிறேன்.

உன் முதல் கடிதத்தில் ரோஜா என்று படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ ரோஜா என்றால் அது ரோஜாதான், உன் கண்ணை எனக்குத் தெரியும். எண் மாறியது என்று எழுதியது என் சமாதானத்துக்காக. அறையில் கூட இருப்பவர்களிடம் காட்டிக் கேட்க தைரியம் வரவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்கள், பிறகு நான் அந்த அறைக்குள் போக முடியாது. எனக்கு வேறு எந்த வேலையும் தெரியாது அக்கா. வீட்டில் அவளிடமும் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள், அழுதால் நானும் அழுவேன்.

என்ன செய்யட்டும்?

உன் தம்பி


ஏப்ரல் 2

டேய்,

இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே கண் டாக்டரிடம் போ. தனியாகப் போகாதே, அவளையும் கூட்டிக்கொண்டு போ. ஜோடி அட்டையையும் எடுத்துக்கொள். அப்பா ஒரு வருஷம் சிரித்தே மழுப்பினார், அந்த ஒரு வருஷம் வீணாகாமல் இருந்திருந்தால் கண்ணைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. எது வந்தாலும் நானும் அத்தானும் இருக்கிறோம்.

போனில் பேசினால் அழுதுவிடுவேன், போய்விட்டு வந்து எழுது. அதுவரை எனக்கும் சோறு இறங்காது.

அக்கா


ஏப்ரல் 9

என் அருமை அக்காவுக்கு,

என் கண்ணில் ஒன்றுமில்லை. முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், மீதியை நிதானமாகப் படி.

அவளிடம் சொன்னேன். அழவில்லை. இத்தனை நாளாகச் சொல்லாததற்கு முதுகில் ஒன்று வைத்தாள், உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். டாக்டர் சொட்டு மருந்து விட்டு, கண்ணின் அழுத்தம் பார்த்து, புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்களைப் படிக்கச் சொன்னார். எல்லாவற்றையும் படித்தேன். உங்கள் கண் பிரமாதமாக இருக்கிறது, அப்பாவுக்கு இருந்ததால் வருஷம் ஒருமுறை வந்து காட்டுங்கள், போதும் என்றார். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. அப்படியானால் ஏழாம் அட்டை?

வெளியே முற்றத்தில் வந்து நின்றோம். அவள் என் சட்டைப்பையிலிருந்து அட்டையை உருவிப் பார்த்தாள். "இதையா சாம்பல்னு சொன்னீங்க? நல்ல ரோஸ் கலராச்சே இது" என்றாள். பார்த்தேன். ரோஜா! நீ எழுதிய அதே மங்கிய ரோஜா. அட்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஆஸ்பத்திரி வராந்தாவுக்குள் ஓடினேன், அங்கே குழல் விளக்கு. சாம்பல்! வெயிலுக்கு வந்தால் ரோஜா. உள்ளே போனால் சாம்பல். நான் உள்ளேயும் வெளியேயும் ஓடுவதைப் பார்த்துக் காவலாளி வந்து, டாக்டர் ரூம் அந்தப் பக்கம் என்று அன்பாக வழி காட்டினார். அவள் சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் இதுதான். சில கலவைகள் வெயிலில் ஒரு முகமும் குழல் விளக்கில் வேறு முகமும் காட்டும். அதற்காகத்தான் எங்கள் பெட்டிக்குத் தனி விளக்கு. மறுநாள் போய் முதல் வேலையாக அதைக் கழற்றிப் பார்த்தேன். பழைய விளக்கு எரிந்துபோனதும் யாரோ சாதாரணக் குழலை மாட்டி வைத்திருக்கிறார்கள். எலக்ட்ரீஷியனைக் கேட்டால், "வெள்ளை வெளிச்சம்தானே சார், எல்லாம் ஒண்ணுதான்" என்கிறார். பத்தொன்பது வருஷ அனுபவஸ்தன், விளக்கைச் சந்தேகப்படாமல் கண்ணைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

மேனேஜர் திட்டவில்லை. ஏழு, ஒன்பது, பதினொன்று மூன்றையும் திரும்பக் கலக்கச் சொன்னார். ஏழாம் அட்டையையும் உன் முதல் பெயரையும் சேர்த்துக் காட்டினேன். வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டு, இந்த ரோஜாவை மாற்றாதே, இதே பெயரில் போகட்டும் என்றார். இனிமேல் எந்த விளக்கிலும் ரோஜாவாகவே நிற்கிற மாதிரி கலப்பதுதான் என் வேலை.

வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன். நீயும் சாப்பிடு.

உன் தம்பி


ஏப்ரல் 15

என் கண்ணான தம்பிக்கு,

உன் முதல் வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மூடி வைத்துக் கொஞ்ச நேரம் அழுதேன். வாயாடி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். மீதியைப் படித்தபோது எல்லோரும் சிரித்தோம், காவலாளி வந்த இடத்தை அத்தான் இரண்டு தரம் படிக்கச் சொன்னார்.

இப்போது என் பங்கு. நான் உன் மேல் பரிதாபப்பட்டு விட்டுக்கொடுத்தேன் என்று நினைத்தாயே, அந்த அளவுக்கு நான் நல்லவள் இல்லை. நீ சாம்பல் என்று எழுதியதும், நிறத்திலேயே காலம் தள்ளுகிறவன் சொல்கிறான், அப்படியானால் போவது என் கண் என்று முடிவு கட்டினேன். அப்பாவின் பிள்ளைகள் நாம் இரண்டு பேருமல்லவா? பொடி எழுத்துப் பாடப்புத்தகத்தில் வரிகள் ஏற்கெனவே மங்கலாகத் தெரிந்தன. பார்த்தேன் என்று எழுதியது பொய், அட்டைகளைத் திரும்ப நான் பார்க்கவே இல்லை, பார்க்கப் பயம். நீ சொன்ன நிறத்தையும் மற்றவற்றுக்குப் பழைய ஞாபகத்தையும் வைத்துக்கொண்டு பெயரை இட்டுக்கட்டினேன். அதனால்தான் அவை அத்தனை உப்புச்சப்பில்லாமல் இருந்தன. துடைத்த தரையாம், பாத்திரத்தின் அடியாம். கண்ணால் பார்க்காமல் என்னால் ஒரு வார்த்தைகூட உருப்படியாக எழுத முடியாது என்று தெரிந்துகொண்டேன். அந்தப் பெயர்களைக் கிழித்துப் போடு.

உனக்கு அந்த அவசரக் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு, அதே கையோடு நானும் இங்கே டாக்டரிடம் போனேன். எனக்கும் ஒன்றுமில்லை. வயதுக்கேற்ற படிப்புக் கண்ணாடி ஒன்று, அவ்வளவுதான். போட்டுக்கொண்டு படித்ததில் ஏற்கெனவே திருத்திய பக்கங்களிலேயே பிழைகளாகக் கொட்டுகின்றன. அச்சகத்துக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. உன் கண் போகிறது என்று நீ எழுதியதைப் படித்தேன் அல்லவா, படித்த அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாடா, என் கண் இல்லை என்று. ஒரே ஒரு மூச்சு விடும் நேரம்தான். அடுத்த மூச்சில் அது உன் கண் என்று உறைத்தது, அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் நடக்கிற எல்லாவற்றுக்கும் பெயர் வைக்கிறேன், அந்த ஒரு மூச்சுக்கு மட்டும் வைக்க மாட்டேன். அதற்குச் சரியான நிறத்தை நீ கலந்து அனுப்பினாலும் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வா. புதிதாகக் கலந்த மூன்றையும் கொண்டுவா, தபாலில் போடாதே. வாசலில் வெயிலில் வைத்து எல்லோருமாகப் பார்ப்போம், சண்டை வந்தால் வரட்டும்.

உன் அக்கா