சுவரொட்டியும் சிவப்பணுவும்

12 ஏப்ரல் 1999, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் ரயில் இருபது நிமிடம் தாமதம். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை. ஹெபடைடிஸ் சி-க்கு ஊசியும் மாத்திரையும் தொடங்கி எட்டாவது வாரம்.

ஹீமோகுளோபின் 10.2. தொடங்கும்போது 13.1. வெள்ளை அணு, பிளேட்லெட், அவையும் இறக்கம்.

டாக்டரம்மா: “பத்துக்குக் கீழ போனா மாத்திரையைக் குறைப்போம். எட்டரைக்குக் கீழ போனா நிறுத்திடுவோம்.”

நிறுத்துவார்களாம்! எட்டு வாரம் பட்ட காய்ச்சல், நடுக்கம், கொட்டிய முடி, எல்லாம் வீணா? இன்னும் நாற்பது வாரம் இருக்கிறது. முடித்தே தீர வேண்டும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “ரத்தம் கொறஞ்சுபோச்சு, அவ்வளவுதானே? நான் பாத்துக்கிறேன்” என்றார். லோரிக்கு எண்ணெய் ஊற்றுவதுபோல என்று நினைப்பு.

14, புதன்
காலை ஆறு மணிக்கே பாசாருக்குப் போய்விட்டார். ஆட்டு மண்ணீரல், இவர் பாஷையில் சுவரொட்டி. மிளகு போட்டு வறுத்து, பக்கத்தில் நின்று தின்ன வைத்தார். ரத்தம் ஊற அதைவிட மருந்தே இல்லையாம்.

மாலை ஊசி. பிறகு காய்ச்சல். இரண்டு போர்வை.

19, திங்கள்
போர்ட் கிள்ளான் ஆபீஸ். இரண்டாவது மாடி ஏறுவதற்குள் நான்கு முறை நின்றேன். நெஞ்சு படபட. டைப்பிஸ்ட் சாந்தி: “வெளுத்துப்போயிட்டீங்க அக்கா, டயட்டா? எனக்கும் சொல்லுங்க லா!” அறையலாம்போல இருந்தது. சிரித்து வைத்தேன்.

இன்றும் சுவரொட்டி. கறிக்கடைக்காரர் அலுத்துக்கொண்டாராம்: “அண்ணே, ஒரு ஆட்டுக்கு ஒண்ணுதான் இருக்கு. நான் என்ன பண்றது?”

வாங்க: பஞ்சு, காய்ச்சலுக்குப் பனடோல், சோப்பு.

22, வியாழன்
தட்டைத் தள்ளிவிட்டேன். “நீங்களே தின்னுங்க!” தட்டை மூடி வைத்தார். அரை மணி கழித்து நானே எடுத்துத் தின்றேன். இந்த எரிச்சல் மருந்தாலா, என் குணமே இப்படியா? தெரியவில்லை. பாவம் மனுஷன்.

26, திங்கள்
நல்ல வெயில். அவரும் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தார்.

ஹீமோ. 8.8.

“டாக்டர், பன்னெண்டு நாளா சுவரொட்டி குடுத்தேன். ஏறியிருக்கணுமே?”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். எனக்கு இரும்புச்சத்து குறையவே இல்லையாம். மாத்திரைதான் சிவப்பணுக்களை உடைக்கிறதாம். தேவைக்கு மேல் தின்கிற இரும்பு, ஏற்கெனவே நோய்பட்ட ஈரலில் போய் உட்காருமாம். “இனிமே வேணாம் அங்கிள்.”

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினார். “அப்போ என் ரத்தத்தை எடுத்து அவளுக்கு ஏத்துங்க.”

“வேணாம்!” கத்தியே விட்டேன். பதினேழு வருடத்துக்கு முன் பிரசவத்தில் ஏற்றிய ரத்தத்தில் வந்த நோய் இது. அப்போது இந்தக் கிருமிக்குப் பரிசோதனையே கிடையாது, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் பயம்.

ரத்தம் ஏற்றத் தேவையில்லை என்றார் டாக்டரம்மா. மாத்திரை நாளுக்கு ஐந்திலிருந்து மூன்று. ஊசி அப்படியே. அடுத்த வாரம் மறுபடி பரிசோதனை. நிறுத்தவில்லை. அப்பாடா.

ரயிலில் ஏறியும் அவர் சட்டைக் கையை இறக்கவில்லை. “உனக்குக் கெடுதலையா ஊட்டிட்டேன், லூசி?”

நானே இறக்கி, பட்டனைப் போட்டுவிட்டேன். “பசிக்குது. எறங்கினதும் ரொட்டி சானாய் வாங்கிக் குடுங்க” என்றேன்.