அம்மை என்று நினைத்தோம், தினேஷ்

என் தங்கமே தினேஷ்,

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. கல்மண்டபத்தில் அதே வீட்டில்தான் இருக்கிறோம். உன் அப்பா விசைப்படகில் போனால் பத்து நாள் வருவதில்லை. வந்தாலும் என்னோடு பேசுவதில்லை. உன்னிடம்தான் பேச வேண்டியிருக்கிறது.

போன வாரம் பக்கத்து வீட்டு மல்லிகா வாசலில் வேப்பிலை செருகியிருந்தாள். அவள் மகள் பவானிக்கு இரண்டு வயது. சளிக்காய்ச்சல் விட்டு இரண்டு வாரம் கழித்து மறுபடி காய்ச்சல், உடம்பெல்லாம் சிவந்த தடிப்பு. ஆத்தா வந்திருக்கிறாள் என்று தெருவே சொன்னது. உனக்கும் அப்படித்தானே சொன்னோம்?

அம்மை கண்ட வீட்டுக்குள் வெளியாள் நுழையக் கூடாது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் நுழையவே கூடாது. நான் நுழைந்தேன்.

"இன்னாக்கா நீ, உள்ள வராத!" என்று மல்லிகா பதறினாள்.

"ஜுரம் எத்தினி நாளா கீது?"

"அஞ்சு நாளா வுடவே இல்லக்கா."

குழந்தையைப் பார்த்தேன். கண் இரண்டும் சிவப்பு, பீளை இல்லை. உதடு வெடித்திருந்தது, நாக்கு செக்கச் செவேலென்று இருந்தது. கையும் பாதமும் வீங்கியிருந்தன. உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லை.

"இது ஆத்தா இல்ல மல்லிகா. புள்ளைய தூக்கு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அவள் மாமியார் என்னைப் பேசிய பேச்சை உன்னிடம் சொல்ல மாட்டேன். மல்லிகா அழுதுகொண்டே ஆட்டோவில் ஏறினாள்.

கிருமி போன பிறகும் சில பிள்ளைகளுக்கு அதை எதிர்த்த உடம்பின் வேகம் அடங்காதாம், இதயத்து ரத்தக்குழாய் வீங்கிவிடுமாம். சீக்கிரம் வந்ததால் மருந்து ஏற்றிக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். "எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"என் புள்ளைக்கு வந்துச்சு சார்" என்றேன்.

உனக்கு அம்மை இறங்க மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று விரல் நுனியில் தோல் உரிந்தது. ஆத்தா இறங்கிவிட்டாள் என்று கோயிலில் கூழ் ஊற்றினேன். பத்தாம் நாள் பந்தைத் துரத்தி ஓடியவன் அப்படியே விழுந்தாய். எல்லாம் முடிந்த பிறகு ஆஸ்பத்திரியில் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள்: கண் சிவந்ததா, உதடு வெடித்ததா, கை வீங்கியதா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன், தினேஷ்?

நேற்று பவானி வீடு திரும்பினாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷம் பாதி, பொறாமை பாதி. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

இனி எந்த வாசலில் வேப்பிலை பார்த்தாலும் உள்ளே போய் எத்தனை நாள் காய்ச்சல் என்று கேட்பேன். ராசியில்லாதவள் என்று ஏசட்டும். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

பிள்ளை பெயரைச் சொல்லித்தான் இந்தத் தெருவில் அம்மாக்களைக் கூப்பிடுவார்கள். நீ போன பிறகு என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை, எனக்கு வலிக்குமாம். நேற்று மல்லிகா வாசலில் நின்று கூப்பிட்டாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு கேட்ட அந்தப் பெயரையே இங்கே எழுதுகிறேன்.

தினேஷ் அம்மா